கிராதிக்கு இந்தப் பக்கம்

நான் தாழ்மையானவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பிறகு யாராவது எனக்கு அந்தப் பட்டத்தைக் கட்டிவிடுவார்கள். ஒருமுறை கட்டியும் விட்டார்கள்.

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். பெண்ணே போதகராக வந்து நின்றால் என்ன சொல்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. கடைசியில் என்னையும் ஐயரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். என்னை அருப்புக்கோட்டைக்கு மாற்றிய புதிதில், நரிக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும் எங்கள் கிளைச் சபைக்கு ஆராதனை நடத்தப் போனேன். ஸ்கூட்டி மக்கர் பண்ணியதால் என் கணவர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், அவர் கழுத்தில் மாலை விழுந்தது. துண்டு விரித்த பெரிய நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெண்களோடு பாயில் உட்கார வைத்தார்கள். "ஐயர் ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றதும்தான் அவர் விழித்துக்கொண்டார்.

"நான் பேங்குல வேலை பாக்கேங்க. ஐயர் அந்தா பாயில உக்காந்திருக்காக."

மாலையைக் கழற்றி எனக்குப் போட ஓடி வந்தார்கள். ஒரு பெரியவர் கண்கலங்கிச் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லாம தரையில உக்காந்திருந்தீகளே, எம்புட்டுத் தாழ்மை!" உண்மையில் எனக்கு அப்போது காதுவரை கோபம் ஏறியிருந்தது. காலையில் சாப்பிடவும் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்துதான் மூடிக்கொண்டிருந்தேன். கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான்.

டவுன் சபையில் கடைசி பெஞ்சில், செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசலுக்குப் பக்கத்தில், ஒரு பெண் ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்திருப்பாள். அவள் கணவன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் காத்திருப்பான். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதித் தடுப்புக்குப் போய் முழங்காலிடுவார்கள். அவள் மட்டும் எழுந்திருக்க மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிப்பாள்.

விசாரித்தேன். சபையிலேயே பிறந்து வளர்ந்தவள். விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பையனை விரும்பி, அவன் வீட்டார் விருப்பப்படி அவர்கள் கோவிலில் தாலி கட்டிக்கொண்டாள். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அவளை அன்பாகத்தான் வைத்திருக்கிறார்கள், சர்ச்சுக்குப் போகாதே என்று ஒருவரும் சொன்னதில்லை. சொன்னது நாங்கள். வேற்று முறையில் கல்யாணம் செய்தவர்கள் திருவிருந்து எடுக்கக் கூடாது என்பது சபை வழக்கம். மறுபடி சேர வேண்டுமென்றால் ஆராதனை நடுவில், நிறைந்த சபைக்கு முன்னால் தனியாக வந்து நின்று, வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்படி நின்றவர்களை ஊர் அதோடு விட்டுவிடாது. 'அன்னைக்கு முன்னாடி நின்னாளே' என்றுதான் பேரப்பிள்ளைகள் காலம்வரை அடையாளம் சொல்லும்.

ஒருநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் சொன்னாள்.

"ஐயரம்மா, எனக்குத் திருவிருந்து வேணும். அதுக்குப் பசிக்கும்னு முந்தி எனக்குத் தெரியாது."

வருகிற முதல் ஞாயிறே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

செய்தி கமிட்டிக்குப் போயிற்று. சபைச் செயலாளர் பந்தல்குடி ரோட்டில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் வேறு யாருமில்லை, அந்தப் பெண்ணின் பெரியப்பா. தம்பி இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசாதவர். கமிட்டிக் கூட்டத்தில் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அவ நிக்கணும், ஐயரம்மா."

"நிறுத்த மாட்டேன், அண்ணாச்சி."

"ஊரான் வீட்டுப் பிள்ளைகள நானே நிக்க வச்சிருக்கேன். எங்க வீட்டுப் பிள்ளைன்னதும் விட்டுட்டா நாளைக்கு எவன் என்னைய மதிப்பான்?"

அதில் ஒரு நேர்மை இருந்தது, மறுக்க மாட்டேன். சொந்தக்காரி என்று சலுகை கேட்காத மனிதர். ஆனால் எனக்கு எரிச்சலும் அதில்தான். "அப்போ அந்தப் பிள்ளைகளையும் நிக்க வச்சிருக்கக் கூடாது" என்றேன். மேசைக்கு எதிர்ப்புறமிருந்து இன்னொருவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஐயரம்மா, கோவப்படாதீக. ஊழியக்காரவுக கொஞ்சம் தாழ்மையா இருக்கணும்."

வந்துவிட்டது பாருங்கள், அந்த வார்த்தை. எனக்கு முன்னால் இருந்த ஐயர்கள் இந்த மேசையைத் தட்டிக் கத்தியிருக்கிறார்கள், ஒருவர் நாற்காலியையே எட்டி உதைத்ததாகக் கதை உண்டு. அதற்கெல்லாம் பெயர் வைராக்கியம். நான் குரலைக்கூட உயர்த்தவில்லை, அதற்குள் எனக்குத் தாழ்மை தேவைப்பட்டுவிட்டது. "இயேசுவும் தாழ்மையாத்தான் இருந்தார். கோயில்ல காசு மாத்துறவுக மேசையக் கவுத்த அன்னைக்கும் தாழ்மையாத்தான் இருந்தார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி எறிந்தேன். என் கணவர் பார்த்துவிட்டு, "அன்னைக்கு அந்த மாலைய நானே கழுத்துல வச்சிருந்திருக்கலாம் போலிருக்கே" என்றார். சிரிப்பு வரவில்லை.

மேலிடத்துக்கு என்மேல் புகார் போனது. மேலிடத்திலிருந்து போன் வந்தது. பிரச்சினை பண்ணாமல் வழக்கப்படி நடத்துங்கள், இல்லையென்றால் வருகிற மாற்றலில் உங்களைத் தூரமாகத்தான் போட வேண்டியிருக்கும் என்று இனிமையான குரலில் சொன்னார்கள். ஊரில் எதுதான் மறைந்திருக்கும்? விஷயம் அந்தப் பெண்ணின் காதுக்கும் எட்டியது. சனிக்கிழமை ஓடி வந்தாள்.

"நான் நின்னுர்றேன் ஐயரம்மா. என்னால ஒங்களுக்கு மாத்தல் வந்துறக் கூடாது."

"என் மாத்தல நான் பாத்துக்கிருவேன். நீ நிக்கக் கூடாது."

"ரெண்டு நிமிசம்தான. நின்னா என்ன கொறஞ்சுருவேன்?"

"நீ கொறைய மாட்ட. நாங்க கொறஞ்சு போவோம்" என்றேன். புரிந்ததோ இல்லையோ, தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். யார் நிற்கப்போகிறார்கள் என்று பார்க்கத்தான். மின்விசிறிகள் ஓடியும் புழுங்கியது. பிரசங்கம் முடிந்தது. அடுத்து பொதுப் பாவ அறிக்கை. சபை முழுவதும் அவரவர் இடத்தில் முழங்காலிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடமாக ஒப்பிக்கும் பகுதி அது. நினைவாலும் சொல்லாலும் செயலாலும் குற்றம் செய்தோம் என்று எல்லாரும் சேர்ந்தே சொல்வோம். சேர்ந்து சொல்வதால் யாருக்கும் வலிப்பதில்லை.

நான் புத்தகத்தைத் திறக்கும்போதே கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்துவிட்டாள். என் பேச்சை மீறி, எனக்காக, நடுப்பாதையில் நடந்து வந்தாள். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. கிராதிக்கு முன்னால் வந்து சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முன்வரிசையில் அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. அவள்மேல் இல்லை, அந்தக் கூட்டத்தின் கண்கள்மேல். புத்தகத்தை மூடினேன். பீடத்திலிருந்து படியிறங்கினேன். கிராதியின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தேன். அவள் தோளைப் பிடித்து பீடத்தைப் பார்க்கத் திருப்பினேன். நானும் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன். அங்கி தடுக்கிக் கொஞ்சம் தடுமாறினேன், அவள்தான் பிடித்துக்கொண்டாள். பொதுப் பாவ அறிக்கையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் என் குரல் மட்டும்தான். பிறகு அவள் குரல். பின்னால் ஒரு பெஞ்சு நகரும் சத்தம், யாரோ எழுந்து வெளியே போனார்கள். இன்னும் சிலர் போனார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி தாண்டிய பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து குரல்கள் சேர்ந்தன. எல்லாரும் சேர்ந்தார்கள் என்று எழுத ஆசைதான். எல்லாரும் சேரவில்லை.

திருவிருந்துக்கு அழைத்தேன். எங்கள் கோயிலில் கமிட்டியார் முதலில் எழுந்து வருவார்கள், அவர்களுக்குப் பின்னால்தான் மற்ற ஆண்கள், அப்புறம் பெண்கள். அண்ணாச்சி எழவில்லை. அவர் எழாததால் ஒருவரும் எழவில்லை. அப்பத்தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். கிராதியில் அவள் ஒருத்திதான். அவள் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தேன். தறி வேலையில் காய்த்துப்போன கை. வாயில் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகையைக் கேட்ட பிறகுதான் பெண்கள் பக்கம் ஒரு பெஞ்சு எழுந்தது. வழக்கத்தைத் தாண்டி, கமிட்டிக்கு முன்னால் எழுந்தது.

எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகும் அண்ணாச்சி அசையவில்லை. உட்காரட்டும், நன்றாக உட்காரட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டை மூடிவைத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வருகிறவனுக்கு மட்டும் கொடுப்பதற்கு என்னை அனுப்பவில்லையே. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கிராதியைத் தாண்டி அவர் பெஞ்சுக்குப் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னைய அவமானப்படுத்தாதீக" என்றார் அடிக்குரலில். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த மாதம் அவர் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். அங்கே போனேன். அதற்கடுத்த மாதம் தூணுக்குப் பின்னால். அங்கேயும் போனேன். சபையில் சிலருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. இந்த மாதம் ஐயரம்மா எவ்வளவு தூரம் நடப்பாள் என்று பேசிக்கொள்வார்களாம். கமிட்டியில் முன்பு சொன்ன அதே ஆள், "ஐயரம்மா இப்பத்தான் தாழ்மையா நடந்துக்கிடுறாக" என்றார். "தாழ்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிடிவாதம்" என்றேன். அவர் நம்பவில்லை.

போன முதல் ஞாயிறு அண்ணாச்சி கடைசி பெஞ்சில் இருந்தார். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், அவர் மகளைப்போல் வளர்த்த பெண் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். அவள் இப்போது நடுவில் உட்காருகிறாள். நான் நடுப்பாதை முழுவதும் நடந்து வாசல்வரை போனேன். வெளியே டீக்கடையில் அவள் கணவன் நிற்பது தெரிந்தது. அண்ணாச்சி இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எத்தனை பேர நிக்க வச்சேன்... நானும் முன்னாடி வந்து நிக்கணுமா ஐயரம்மா?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசை இருந்தது. ஒரு கணம் நன்றாகவே இருந்தது.

"நிக்கக் கூடாது. உங்களையும் நிறுத்த மாட்டேன் அண்ணாச்சி. கைய மட்டும் நீட்டுங்க."

நீட்டினார். மாற்றல் உத்தரவு எப்போது வந்தாலும் வரட்டும். அப்பத்தை அந்தக் கையில் வைத்துவிட்டேன்.