பாலம் தாண்டாத மாப்பிள்ளை

"இதுல எதையாவது கடைசி வரைக்கும் விளையாடி முடிச்சிருக்கீங்களா?"

பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் மாப்பிள்ளையிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி இது. சம்பளம் கேட்கவில்லை. வெளிநாடு போகிற எண்ணம் உண்டா என்று கேட்கவில்லை. குடிப்பீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. வாங்கிக் குவித்த வீடியோ கேம்களில் ஒன்றையாவது முடித்தீர்களா என்று கேட்டாள்!

மாப்பிள்ளை என் அக்கா மகன் பிரகாஷ். வயது முப்பத்தொன்று. கண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை. பெண் நிரோஷினி – பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகள், பேராதனையில் ஒரு லேப்பில் வேலை. நான் தாய்மாமன். இந்த மாதிரிப் பயணங்களில் தாய்மாமனுக்கு இரண்டு வேலைகள். வேனில் முன் சீட்டில் உட்கார வேண்டும். பேச்சு நின்றுபோகிற இடத்தில் எதையாவது பேச வேண்டும். இரண்டாவது வேலையை நான் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

முதலில் பிரகாஷின் அறையைப் பாருங்கள். ஒரு பெரிய திரை, அதன் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, முதுகு வலிக்காத ஒரு கதிரை. தள்ளுபடி என்று போனில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும் – கேம் வாங்கிவிடுவான்.

"மாமா, இப்ப வாங்காட்டி இனிமே இந்த விலைக்குக் கிடைக்காது."

"போன மாசம் வாங்கினத விளையாடிட்டியா?"

"அது இன்னும் டவுன்லோட் ஆகிட்டு இருக்கு மாமா."

டவுன்லோட் முடிந்தால் அப்டேட். அப்டேட் முடிந்தால் மூக்கு. ஆமாம், மூக்குத்தான்! இந்த விளையாட்டுகள் சிலவற்றில் கதாநாயகனின் முகத்தை நாமே செய்துகொள்ளலாமாம். ஒரு முழுச் சனிக்கிழமை என் மருமகன் ஒரு வீரனுக்கு மூக்குத் தேடினான். நீளம் கூடினால் குறைத்தான், குறைந்தால் நீட்டினான். மூக்குச் சரிவந்த நேரம் இவனுக்குப் பசி வந்துவிட்டது. சாப்பிடப் போனான். பிறகு தூங்கிவிட்டான். அடுத்த கிழமை வேறு தள்ளுபடி.

அந்த வீரன் என்ன ஆனான்? முதல் கிராமத்திலேயே நிற்கிறான். அழகான மூக்கோடு, கையில் ஒரு மரக்கத்தியோடு, யாராவது வருவார்கள் என்று நிற்கிறான். இப்படி எத்தனை பேர் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நிற்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

சிரிக்காதீர்கள் வாசகர்களே... உடம்பு இளைக்க வாங்கிய உங்கள் வீட்டு ஓடும் இயந்திரத்தில் இப்போது என்ன காய்கிறது? துவாய்தானே? கண்டி மழைக்கு அதைவிட நல்ல கொடி கிடைக்காது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பிலிமத்தலாவை வரைக்கும் பஸ்ஸில் போகும்போது ஒருமுறை மேலே பாருங்கள். மேல்மாடி கட்டுவதற்கென்று கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை! கம்பி துருப்பிடித்துவிட்டது, கட்டுவேன் என்ற பேச்சு மட்டும் புதிதாகவே இருக்கிறது. சங்கம் தொடங்குவோம், தலைவர், உபதலைவர், பொருளாளர் எல்லோரையும் தெரிவு செய்து மாலை போட்டுப் படம் பிடித்துக்கொள்வோம். இரண்டாவது கூட்டம் நடந்த சங்கம் எதையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா? நமக்குத் தொடக்க விழா பிடிக்கும். அதற்குப் பிறகு வேலை இருக்கிறது என்பதுதான் பிடிக்காது.

சரி, பிலிமத்தலாவைக்கு வருவோம்.

டீயும் பிஸ்கட்டும் வந்தன. "ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா பேசட்டும்" என்றார் பெண்ணின் அப்பா. தனியாக என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம்? ஹாலின் அந்த மூலை! மற்றவர்கள் எல்லோரும் இந்த மூலையில் மூச்சுவிடாமல் இருந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

பொழுதுபோக்கு என்ன என்று கேட்டாள். இவன் கேம் என்றான். என்னென்ன கேம் என்று கேட்டாள். இவன் முகம் மலர்ந்து பட்டியல் போட ஆரம்பித்தான். போட்டுக்கொண்டே போனான். நடுவில் ஒரு பெயரைச் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். பனிமலைகளைத் தாண்டித் தங்கையைத் தேடிப் போகிற ஒருவனின் கதையாம் அது.

"அது எங்க வீட்டுலயும் இருக்கு. அண்ணன் கட்டாருக்கு வேலைக்கு போறப்ப அந்த மெசினயும் அந்த ஒரு கேமையும்தான் விட்டுட்டுப் போச்சு. வேற கேம் இல்ல. அதனால அதையே திரும்பத் திரும்ப முடிச்சேன். நீங்க முடிச்சிட்டீங்களா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"ஆரம்பிச்சிட்டேன்."

இந்த மூலையில் எனக்கு டீ புரையேறியது. அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இதில் எதையாவது கடைசி வரைக்கும் முடித்திருக்கிறீர்களா?

இவன் ஜன்னலைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். என்னையும் ஒருமுறை பார்த்தான். "இல்லங்க" என்றான்.

அவள் எழுந்து வந்து அப்பாவிடம் மரியாதையாகவே சொன்னாள். "அந்தக் கேம முடிச்சிட்டு வரட்டும்ப்பா. அப்புறமா நான் சொல்றேன்."

மனிதருக்கு வேர்த்துவிட்டது. "சின்னப்புள்ளத்தனமா பேசுது, ஒன்னும் நெனச்சிக்காதீங்க" என்றார். வேன் திரும்பும்போது அக்கா கொதித்தாள். "என்ன திமிரு பாரு! வேற எடம் பாப்போம்." பின் சீட்டிலிருந்து பிரகாஷ் மெதுவாகச் சொன்னான்: "வேற எடம் வேணாம்மா."

அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதற்கு முன் பெண் பார்த்த இடமெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவன், முதல் தடவையாக வேண்டும் என்று சொன்னான். எல்லாக் கஷ்டமும் அங்கேதான் ஆரம்பமானது.

பெண் வீட்டில் இரண்டு கிழமை, பதினாலு நாள், தவணை வாங்கிக்கொண்டோம். பையன் உண்மையாகவே விளையாடினான். வேலைவிட்டு வந்தால் அந்த அறைதான். ஆனால் பாதி வழியில் ஒரு பாலம். அதன் நடுவில் ஒற்றைக்கண் அரக்கன் ஒருத்தன். அவனைத் தாண்டினால்தான் மீதிக் கதை. போனான், செத்தான். போனான், செத்தான். அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். "ராகு காலத்துல சண்டை போடாதடா" என்று கலண்டரோடு வந்து கதவைத் தட்டினாள். அப்படியும் அரக்கன் அசையவில்லை.

தவணை முடிவதற்கு முதல் நாள், மாமன் மூளை வேலை செய்தது. "ஏன்டா இந்தக் கஷ்டம்? கடைசிப் பத்து நிமிசத்த யாராவது வீடியோ போட்டிருப்பான். அதப் பாத்துட்டு வந்து சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் தயங்கினான். நான் விடவில்லை. பிலிமத்தலாவைக்குப் போன் போட்டு, "முடிச்சிட்டாருங்க, நாளைக்கு வாறோம்" என்று நானே அறிவித்தும் விட்டேன்.

ஞாயிறு காலை போய் இறங்கினால் வாசலுக்கே கோழிக்குழம்பு வாசம். எங்கள் பக்கத்தில் சம்மதம் முடிவாகாமல் பெண் வீட்டில் சோறு தின்பதில்லை. டீயோடு சரி. சோறு ஆக்கியிருக்கிறார்கள் என்றால் சம்மதம் என்று அர்த்தம். என் போனை நம்பி அந்த அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறார்.

மறுபடி அந்த மூலை. மறுபடி நாங்கள் மூச்சுவிடாமல்.

"கடைசில குதிரைய என்ன செய்வான்?"

"அவிழ்த்து விட்டுருவான். அது கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு மலைப்பக்கம் போயிரும்." மணி மணியாகச் சொன்னான். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"குதிரைக்கு என்ன பேரு?"

"டைமண்ட்."

"ஏன் அந்தப் பேர வச்சீங்க?"

"நான் வைக்கல... கேம்ல அதுக்கு அப்பிடித்தானே பேரு?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பாலத்தைத் தாண்டினாத்தான் குதிர கிடைக்கும். அதுக்குப் பேரு வைக்கிறது நாம. நான் வச்ச பேரு வேற."

வீடியோ போட்ட எவனோ ஒருத்தன் தன் குதிரைக்கு டைமண்ட் என்று பெயர் வைத்திருக்கிறான். அது எங்கள் மாப்பிள்ளையின் வாயில் வந்து விழுந்துவிட்டது!

பிரகாஷின் காது இரண்டும் சிவந்தன. "நான் முடிக்கலங்க. வீடியோ பாத்துட்டு வந்து சொன்னேன். இன்னும் அந்தப் பாலத்துலதான் நிக்கிறேன். மன்னிச்சிக்குங்க."

மாமா சொல்லித்தான் பார்த்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சுவரில் இருந்த கலண்டரில் அந்த மாதத்து விசேஷ நாட்களை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வயதுப் பையன் நெஞ்சை நிமிர்த்தித் தப்பை ஒத்துக்கொள்கிறான். அறுபதை எட்டப்போகிற மாமன் கலண்டர் படிக்கிறான். பிலிமத்தலாவைக்காரர் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவராம். படிக்கட்டும்... ஐயா, அந்த வீடியோ யோசனை என்னுடையது.

இனி எழும்ப வேண்டியதுதான் என்று நான் வேட்டியைச் சரிசெய்தபோது அவள் கேட்டாள்: "பாலத்துல எத்தன தரம் செத்தீங்க?"

"பதினேழு."

"நான் நாப்பத்தியொரு தரம்." முதல் தடவையாகச் சிரித்தாள். "அழுதுட்டேன். அம்மா மெசின தூக்கி வெளிய போடப் போனாங்க."

"அந்த ரெண்டாவது அடி அடிக்கிறானே..."

"ஆமா! அவன் கைய தூக்கினதும் பின்னுக்குப் போகக்கூடாது. அவன் பக்கத்துலயே போகணும். பயமாத்தான் இருக்கும். ஆனா போகணும்."

அந்த மூலையில் பேச்சு நிற்கவில்லை. இரண்டு பேரும் காற்றில் கத்தி வீசிக் காட்டிக்கொண்டார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் அவள் தன் போன் நம்பரை அவனிடம் கொடுத்தாள். அதுவரைக்கும் எல்லாம் அப்பா வழியாகத்தான் நடந்தது. "வீடியோ வேணாம். நீங்களே முடிச்சிட்டு எனக்கு கோல் எடுங்க" என்றாள்.

கோழிக்குழம்பு? அது அவர்களுக்கு. சம்மதம் இல்லாத வீட்டில் எப்படிக் கை நனைப்பது? கடுகண்ணாவைப் பக்கம் போய் ஒரு கடையில் பராட்டா தின்றோம். அக்கா வழி முழுக்க என்னோடு பேசவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது போன சனிக்கிழமை. பாலத்தைப் புதன்கிழமையே தாண்டிவிட்டான். அக்கா பக்கத்து வீட்டுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். பாலம் தாண்டியதற்கு லட்டு கொடுத்த முதல் வீடு கண்டி மாவட்டத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். சனிக்கிழமை கடைசிக் கட்டம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம் என்பதால் தங்கையைத் தேடிப் போன அந்த வீரன் பனியில் ஒன்றரை மணி நேரம் காத்து நிற்க வேண்டியதாயிற்று. பத்தரைக்கு அக்கா அவன் கையிலிருந்த விளையாட்டுக் கருவியை வாங்கி விபூதி பூசிக் கொடுத்தாள்.

நானும் பின்னால் நின்று பார்த்தேன். என்ன சண்டை, யார் யாரை அடித்தார்கள், எனக்குத் தெரியாது. கடைசியில் பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் குதிரையின் கயிற்றை அவிழ்த்தான். அது நின்றது. திரும்பிப் பார்த்தது. போய்விட்டது. திரை கறுப்பாகி, அந்தக் கேமைச் செய்த ஆட்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏறத் தொடங்கின.

"ஜெயிச்சிட்டியா?" என்றாள் அக்கா.

"ம்."

"அப்புறம் ஏன்டா மூஞ்சி இப்பிடி இருக்கு?"

 அந்தப் பெயர்கள் முழுவதும் ஏறி முடியும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு போனை எடுத்தான். அக்கா சொல்லி ஸ்பீக்கரில் போட்டான்.

"முடிச்சிட்டேங்க."

குதிரையின் பெயரைக் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை. "எப்பிடி இருந்துச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

சந்தோசமாக இருந்தது என்று சொல்லடா, என்று நான் கையால் ஜாடை காட்டினேன். பாருங்கள், எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "சந்தோசமா இல்லங்க. முடிஞ்சிருச்சேன்னு ஒரு மாதிரியா இருக்கு. அந்தக் குதிர திரும்பிப் பாத்துச்சே... நான் கயிற அவிழ்த்திருக்கக் கூடாதோன்னு இருக்கு."

 லைன் போய்விட்டதோ என்று அக்கா போனைத் தட்டப் போனாள்.

"அப்பாவ பேசச் சொல்றேன்" என்றாள் நிரோஷினி.

அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். ஆனாலும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை. நாலு நாளாக என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். "ஏன்டா, ஜெயிச்சதுக்குப் பொண்ணு குடுத்தா நியாயம். முடிஞ்சிருச்சேன்னு கவலப்பட்டதுக்கா குடுக்குறாங்க?"

நான் என்னத்தைச் சொல்ல? முடிந்துவிட்டதே என்று கவலைப்படுகிற அளவுக்கு, இத்தனை வயதில் நான் எதைக் கடைசி வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறேன்?