இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஃபோன்

அந்தக் கோடையில் என் நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு: எனக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை. ஒன்று, கைகுலுக்கும்போது கை சில்லென்று இருந்தது. இரண்டு, கறுப்புக் கோட்டுக்குப் பழுப்பு ஷூ போட்டுக்கொண்டு போனது. மூன்று, வெள்ளச் சேதம் பற்றிக் கேட்டபோது எங்கள் ஊர்ப்பக்கம் வாய்க்கால் உடைந்த கதையைச் சொன்னது. நான்கு, உச்சரிப்பு. இப்படி ஒன்பது வரை போயிற்று. எப்போது எடுத்துப் படித்தாலும் ஒன்பதும் நியாயமாகவே பட்டன.

அப்போது நியூ ஜெர்சியில் ரிஸ்க் மேனேஜ்மெண்ட், இன்சூரன்ஸ் பாடத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். தங்கியது பிளெய்ன்ஸ்பரோவில், அக்கா வீட்டில். எங்கள் ஈரோட்டு ஆட்களுக்கு இந்தப் படிப்பைப் புரியவைக்க முடியாது. இன்சூரன்ஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமை ரெக்சின் பையோடு வந்து, காபி குடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் ஏஜென்ட்தான். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், சாயங்காலம் ரயில் இறங்கி வந்ததும் ஆரம்பிப்பார்.

"என்னங் ஏஜென்ட் அம்மிணி, இன்னைக்கு எத்தன பேர் தலைல பாலிசியக் கட்டுனீங்க?"

"உங்களுக்கு மட்டும் தரமாட்டேன் மாமா. நீங்க ஹை ரிஸ்க்."

மூன்று பேரும் சிரிப்போம். சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஃபோன் அடிக்கும். கார்ப்பெட், பத்திரிகைச் சந்தா, இன்சூரன்ஸ் என்று எதையாவது விற்கும் அழைப்பு. என்ன விற்கிறார்கள் என்றே அக்கா கேட்கமாட்டாள். "நோ தேங்க்யூ, வி ஆல்ரெடி ஹேவ்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவாள்.

மார்ச்சில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கோடைக்காலப் பயிற்சிக்கு நேர்காணல் போனேன். கோடையில் அங்கே வேலை பார்ப்பவர்களைத்தான் படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்வார்கள். எடுக்காவிட்டால், விசா முடிந்து நான் ஈரோட்டுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். முடிவை ஃபோனில் சொல்வதாகச் சொன்னார்கள். எனக்கென்று தனி ஃபோன் இல்லை. வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிலருந்து கூப்புடுவாங்க. சேல்ஸ்னு நெனச்சு வெச்சறாத."

"எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள்.

ஏப்ரல் முடிந்தது. ஃபோன் வரவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "கெஞ்சற மாதிரி இருக்கும். எடுத்திருந்தா அவங்களே கூப்புட்டிருப்பாங்க" என்றார். இங்கே பத்து வருடம் இருந்தவர். நம்பினேன்.

ஜூனில் அக்காவுக்குப் பிரசவம். அம்மாவுக்குச் சென்னையில் ஏப்ரல் தொடக்கத்திலேயே விசா மறுத்துவிட்டார்கள். "நல்லவேள, நீ வீட்ல இருக்கற" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தியக் கடைகள் இருக்கும் ஐசலின் போய்ச் சுக்கும் பெருங்காயமும் வாங்கிவந்தேன். பூண்டுக் குழம்பு வைத்தேன். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன். எதையும் சலிப்போடு செய்யவில்லை. வேலைக்கு லாயக்கில்லாதவள் வீட்டுக்காவது பயன்படுகிறேன் என்ற நிம்மதிகூட இருந்தது.

செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்க வந்திருந்தன. ஒரு மேஜைக்குப் பின்னால், என்னை நேர்காணல் செய்த அதே பெண்மணி. பார்த்ததும் எழுந்து, "கல்யாணம் நன்றாக நடந்ததா?" என்று கேட்டார்.

என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார் என்று எண்ணி என் பெயரைச் சொன்னேன்.

"தெரியுமே. ஏப்ரலில் உங்களை எடுத்துவிட்டோம் என்று சொல்லக் கூப்பிட்டேன். உங்கள் அக்கா பேசினார். கல்யாணத்துக்கு இந்தியா போகிறீர்கள், கோடையில் வர முடியாது என்றார். எனக்கு மிகவும் வருத்தம். உங்கள் வாய்க்கால் கதையை ஆபீஸில் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்."

எங்கள் வகுப்புக்கான இடங்கள் எல்லாம் கோடையில் வந்தவர்களுக்கே போய்விட்டன, இப்போது எங்களுக்குப் பின் வந்தவர்களைப் பார்க்கத்தான் வந்திருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரல்ல அந்தக் கம்பெனிலருந்து ஃபோன் வந்துச்சாக்கா?"

"எந்தக் கம்பெனி? தெனம் பத்துப் பேர் கூப்புடறாங்க. சேல்ஸ்னு நெனச்சு வெச்சிருப்பேன்."

"சேல்ஸ்காரங்ககிட்ட யாராவது தங்கச்சிக்குக் கல்யாணம்னு சொல்லுவாங்களா?"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. சோபாவில் இருந்த மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நாந்தான் சொல்லச் சொன்னேன். திட்டறதுன்னா என்னயத் திட்டு. பிரசவ நேரத்துல வீட்ல ஆளில்லைன்னா நாங்க என்ன பண்றது? இப்ப என்ன கெட்டுப்போச்சு, கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேரு. ஆறு மாசத்துல நான் வேல வாங்கித் தர்றேன்."

"என்னையக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா மாட்டேன்னிருப்ப" என்றாள் அக்கா.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருக்கிறேன் என்றே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் வாய்ப்பையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் சட்டத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஒருவர் மறைத்த விஷயம் மற்றவரின் முடிவை மாற்றியிருக்கும் என்றால் ஒப்பந்தம் செல்லாது, நல்ல மனதோடு மறைத்திருந்தாலும். அந்த வரியில் மஞ்சள் மை தீட்டியது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான்.

அக்டோபரில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு அறைக்கு மாறினேன். மெத்தை வாங்குவதற்கு முன் ஆன்சரிங் மெஷின் வாங்கினேன். அதில் பதிவான முதல் குரல் அக்காவுடையது.

"அம்மிணி, இருந்தா எடு. இட்லிப் பொடிய வெச்சுட்டுப் போயிட்ட. அப்பறம், நீ வெளிய போனத அம்மாகிட்டச் சொல்லல. நீயும் சொல்லீராத. பாவம், வருத்தப்படுவாங்க."

பக்கத்திலேயே நின்று கேட்டேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலிங் கார்டு வாங்கி ஈரோட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்த ஃபோன், இல்லாத கல்யாணம், நான் வெளியே வந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா?"

"கேக்குது கண்ணு. அந்த ஃபோன் வந்த அன்னைக்கே அக்கா சொல்லிட்டா. உம்பட மனசு நோகுமேன்னுதான் நான் வாயத் தொறக்கல. நீ வாராவாரம், எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியலம்மான்னு சொல்றப்பெல்லாம் சாப்புட்டியான்னு கேட்டுப் பேச்ச மாத்தீருவேன்."

கார்டில் இன்னும் நிமிடங்கள் மிச்சம் இருந்தன. வைத்துவிட்டேன்.

பிறகு அந்த நோட்டை எடுத்தேன். ஒன்பது வரி, ஒன்பதிலும் நான். ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அடித்தேன். பழுப்பு ஷூ இருந்த வரிக்கு வந்தபோதுதான் அழுகை வந்தது. கோடை முழுவதும் அந்த ஷூவை நான் வெளியே எடுக்கவே இல்லை.