எண்ணெய்த் தலையோடு எழுதிய எண்பது கேள்வி

மாரிச்செல்வி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஆளுக கூட பேசுத வேலைக்கு நான் ஆக மாட்டேன்னு இதுல போட்டிருக்கு சார். அப்ப பதினோரு வருசமா ரிசப்ஷன்ல நின்னது யாரு?"

குற்றாலத்தில் மூன்று லாட்ஜ் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் ஆட்களைக் கவனிக்கும் பெர்சனெல் மேனேஜராக இருந்தேன். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். இலஞ்சி ரோட்டில் நாலாவது லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜராக மாரிச்செல்விதான் போவார் என்று பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டு இந்தப் பிரிண்ட் அவுட்டைக் கையில் கொடுத்து, புது லாட்ஜில் லினன் ரூமைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு. தனியாக உட்கார்ந்து எண்ணுகிற வேலை.

அந்தத் தாள் ஒரு டெஸ்ட்டின் ரிப்போர்ட். அந்த டெஸ்ட்டைக் கொண்டுவந்தது நான்தான். மாரிச்செல்விக்கும் அது தெரியும். அதனால்தான் தாள் என் மேசைக்கு வந்தது.

நான் தேர்ந்தெடுத்த லட்சணம்

புது லாட்ஜுக்குச் சூப்பர்வைசர்களைத் தயார் செய்ய ஏதாவது அசெஸ்மென்ட் வைக்கலாம் என்று அண்ணாச்சியிடம் யோசனை சொன்னதும் நான்தான். என்முன் இரண்டு இருந்தன. ஒன்று, சென்னைக் கம்பெனி ஒன்றின் பர்சனாலிட்டி டெஸ்ட். கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா, சீக்கிரம் கோபம் வருமா என்று போனிலேயே எண்பது கேள்வி கேட்டு ஒருவருடைய சுபாவத்தைச் சொல்லும். இன்னொன்று, தென்காசியில் ட்ரெய்னிங் நடத்தும் கிரேஸ் மேடம் சொன்ன திங்கிங் ஸ்டைல் முறை. ஒரு பிரச்சினையைக் கொடுத்து, நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்கும். விவரத்தையா, வரிசையையா, ஆட்களையா, புது வழியையா? ஒருவர் வேலையை எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறார் என்பது அதில் தெரியவரும்.

நான் முதலாவதை எடுத்தேன். ஆராய்ந்து எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அதன் ரிப்போர்ட் கலர் கலராக இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம், கீழே நாலு வரி. அண்ணாச்சிக்கு ஒரே பார்வையில் புரியும், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அதை வைத்த நாள் இன்னும் மோசம். ஆனி, ஆடி இரண்டு மாதமும் எங்களுக்கு நிற்க நேரம் இருக்காது. சாரல் விழ விழ பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும். மெயின் அருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டால் அதற்கும் திட்டு எங்களுக்குத்தான், ஏதோ நாங்கள்தான் மேலே இருந்து திறந்துவிட்டதுபோல. சீசன் முடிந்த மறுநாள் எங்கள் லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் அன்று எங்கள் ஆட்களுக்குக் காசு வாங்காமல் தேய்த்துவிடுவார்கள். இரண்டு மாதமாக ஊராரை அருவிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவர்கள் அன்றுதான் தாங்கள் போய்க் குளிப்பார்கள்.

ரூம் எல்லாம் காலி, டைனிங் ஹால் காலி, ஆட்கள் மொத்தமாக ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று அந்த நாளையே டெஸ்ட்டுக்குக் குறித்தேன். தலையில் எண்ணெய் வடிய, போன் திரை விரலுக்கு வழுக்க, எண்பது கேள்விக்கும் பதில் அழுத்தினார்கள். கூட்டத்தைக் கண்டால் உற்சாகம் வருமா என்ற கேள்விக்கு அன்றைக்கு அந்த ஹாலில் யார் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள்? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. முடித்தவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு ஓடினார்கள். மறுவாரம் ரிப்போர்ட் வந்தது. நான் திறந்துகூடப் பார்க்காமல் எல்லாருடையதையும் ஒரே மெயிலில் அண்ணாச்சிக்குத் தள்ளிவிட்டேன்.

மாரிச்செல்வி போன பிறகு அந்த மெயிலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாய் ஓயாத டிரைவர் முதல் ரூம் பாய் வரை பெரும்பாலோர் ஒரே நீலம். எல்லாருக்கும் ஆட்களைக் கண்டால் ஆகாதாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

கிரேஸ் மேடம் கேட்டது

மறுநாள் தென்காசிக்குப் போனேன். நான் வேண்டாம் என்று தட்டிக்கழித்தவரிடமே போய் நிற்பது சங்கடம்தான். கிரேஸ் மேடம் அதையெல்லாம் குத்திக்காட்டவில்லை. காபி வரவழைத்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். உடனே அவருடைய டெஸ்ட்டை வைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"நீங்க எந்தக் கேள்விக்குப் பதில் தேடுதீங்க சார்? அத முதல்ல சொல்லுங்க. டெஸ்ட்ட அப்புறம் பாப்போம்."

அவர் பொறுமையாக விளக்கினார். பர்சனாலிட்டி டெஸ்ட் மோசமானது என்று அவர் சொல்லவில்லை. ஒரே ஷிஃப்டில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றாலோ, ஒருவர் தன் சுபாவத்தைத் தானே புரிந்துகொள்ள வேண்டும் என்றாலோ அது உதவும். புது லாட்ஜை ஒருவர் எப்படிக் கையிலெடுப்பார், எங்கே தடுமாறுவார், எதில் பழக்க வேண்டும் என்பது கேள்வியானால் திங்கிங் ஸ்டைல் ஓரளவு பொருந்தும். ஆனால் எந்த டெஸ்ட்டையும் பதவி கொடுக்கவோ பறிக்கவோ வைக்கக்கூடாது, ரிப்போர்ட் முதலில் டெஸ்ட் எழுதியவர் கைக்குத்தான் போக வேண்டும் என்றார். நான் மெயில் தள்ளிவிட்ட கதையை அதுவரை சொல்லாமல் மறைத்திருந்தேன். சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணாச்சியின் நிறம்

ஆட்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று டெஸ்ட் வைத்த அன்று அண்ணாச்சியும் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து அதே எண்பது கேள்விக்குப் பதில் போட்டிருந்தார். மற்றவர்களுடையதைப் படித்தவர் தன்னுடையதைப் படிக்கவில்லை. நான் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பெயர் இருந்த இடத்தை மட்டும் மடித்து நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். புதியவர்களிடம் பேசத் தயங்குபவர். கூட்டத்தைத் தவிர்ப்பவர். தனியாகச் செய்யும் வேலைக்கு ஏற்றவர்.

"இவனயும் லினன் ரூம்ல போடணும் போலிருக்கே. யாரு வே இது?"

மடிப்பைப் பிரித்துக் காட்டினேன். வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸையும் வாசலிலேயே மறித்து, எந்த ஊர், என்ன சோலி, எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்காமல் உள்ளே விடாத மனிதர் அவர். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நான் அங்கே நின்றிருந்தேன். அவர் கோபப்படவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

"அன்னைக்கு எனக்கு மனுசன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல வே," என்றார். பிறகு மெதுவாக, "அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான இருந்திருக்கும்."

லினன் ரூம் உத்தரவு அன்றே நின்றது. ஆனாலும் மேனேஜர் பதவியைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. யோசிக்கிறேன் என்றார். அதற்கப்புறம் தை வரைக்கும் மாரிச்செல்வி என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது தேவைதான்.

தை மாதம், எல்லோரும் வாரலீவு ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கிரேஸ் மேடம் வந்து திங்கிங் ஸ்டைல் வைத்தார். ரிப்போர்ட் அவரவர் கையில் மட்டும். விருப்பமிருந்தால் அவரவரே அண்ணாச்சியிடம் காட்டலாம். முதல் நாள் யாரும் காட்டவில்லை. இரண்டாம் நாள் மாரிச்செல்வி தன் தாளோடு அண்ணாச்சி அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"எல்லா விவரமும் கைக்கு வராம நான் முடிவெடுக்க மாட்டேன்னு இதுல இருக்கு அண்ணாச்சி. நெசந்தான். மேனேஜர் வேலைய எனக்கே குடுங்க, ஆனா கூட ராஜதுரைய அனுப்புங்க. அவன் பட்டுன்னு முடிவெடுப்பான். தப்பா எடுத்தா நான் பிடிச்சிருவேன்."

ராஜதுரை எங்களுடைய இன்னொரு லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த துடுக்கான ஆள். அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் குறையைத் தானே எடுத்துவந்து மேசைமேல் வைத்து, அதற்கு மாற்றும் சொல்லும் ஆளை என் சர்வீஸில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சித்திரையில் லாட்ஜ் திறந்தபோது ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர் மாரிச்செல்விதான். அன்று ஸ்வீட் கொடுக்கும்போது என்னிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார்.

இப்போது ஹெச்.ஆர். வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் எந்த டெஸ்ட் நல்லது சார் என்று என்னிடம் கேட்கிறார்கள். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று திருப்பி அனுப்புகிறேன். யாரிடம், எந்த நாளில், எப்படிப்பட்ட அசதியில் கேட்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பெண்ணின் பதினோரு வருச உழைப்பைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

போன சீசன் முடிந்த மறுநாள் சும்மா இலஞ்சி ரோடு லாட்ஜுக்குப் போயிருந்தேன். ரிசப்ஷனில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். பின்னால் இருந்த போர்டில் மாரிச்செல்வியின் கையெழுத்து. "இன்று மீட்டிங் கிடையாது. போனை லாக்கரில் வைத்துவிட்டு எல்லோரும் அருவிக்கு."

வாட்ச்மேனிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு நானும் போனேன்.