முன் இருக்கையில் அப்பா

முருகனை நம்பி வாழும் உறவுகளே, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போர் முடிந்த ஆண்டு, கடைசி மாதங்களில், பதுங்குகுழி வாசலில் விழுந்த ஷெல் அப்பாவின் இடது காதின் கேட்கும் சக்தியைக் கொண்டுபோனது. உயிர் தப்பியதே போதும் என்று இருந்தோம். ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் குடியேறிய பிறகுதான் அந்த இழப்பு தெரிந்தது. இங்கே காரில் சாரதியான நான் இருப்பது இடப்பக்கம். அவர் முன்னால் ஏறினால் கேளாத காதுதான் என் பக்கம் வரும். அதனால் அப்பா எப்போதும் எனக்குப் பின்னால் போய் இருப்பார்.

ஒருநாள் யூனியன்வில்லில் சித்தப்பா வீட்டு வாசலில் இறங்கினோம்.

“என்ன அண்ணை, டாக்ஸியிலயோ வாறியள்? உவனுக்கு டிப்ஸ் குடுத்தனியளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சித்தப்பா நின்றது கேளாத காதின் பக்கம்; அவருக்கு அது கேட்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு பனிக்காலத்தில், வாகனத் தரிப்பிடத்தில் கார் ஒன்று ஹார்ன் அடித்தது. சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அப்பா அதற்கு முன்னாலேயே போய் விழுந்தார். மயிரிழையில் தப்பினார். பரிசோதித்த காது மருத்துவர்தான் கொக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிச் சொன்னார். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைப்பார்கள். அது ஒலியை நேரே நரம்புக்கு அனுப்பும். ஆனால் நெடுங்காலம் ஓய்ந்து கிடந்த காது, எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

“மற்றக் காது கிடக்குத்தானே தம்பி. இந்த வயசில உதெல்லாம் என்னத்துக்கு?” என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வாசித்து, விளக்கி, அவரைச் சம்மதிக்க வைத்தேன். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. கோயிலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “முருகா, அப்பா எனக்குப் பக்கத்தில இருந்து கதைக்க வேணும்.”

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. ஆனால் கருவியை இயக்கிய அன்று அப்பாவின் முகம் வாடியது. “தகரத்தில சோளம் கொட்டுற மாதிரிக் கிடக்கு.” அன்று நான் உடைந்துபோனேன்.

பழகப் பழக வரும் என்றார்கள். தினமும் காலையில், நல்ல காதை அடைத்துவிட்டு, ஊரில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர்களின் பெயர்களைச் சொல்வேன். அப்பா திருப்பிச் சொல்வார். முதலில் எல்லாம் பிழைத்தது. பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர்களில் சிலர் அந்தப் போரிலிருந்து எங்களோடு வெளியே வரவில்லை.

பனி கரைந்த ஒரு ஞாயிறு. கோயிலுக்குப் புறப்பட்டபோது அப்பா முன்கதவைத் திறந்து ஏறினார். கண்ணாடியையும் இறக்கிவிட்டார். நல்ல காதில் முழுக்கக் காற்று; கருவி வைத்த காதுதான் என் பக்கம். வழியில் ஒருவன் காரைக் குறுக்கே வெட்டினான். நான் வாய்க்குள்ளே ஏசினேன்.

“கோயிலுக்குப் போற வாயால உப்பிடிக் கதைக்கக் கூடாது.”

எனக்குக் கண் நிறைந்து ரோட்டுத் தெரியவில்லை.

மருத்துவர்களின் கையை நான் மறக்கவில்லை. அந்தக் கைகளுக்குள் இருந்தவன் முருகன் என்பது என் நம்பிக்கை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஒரு காது கேளாவிட்டால், வயதுதானே என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள், அவனிடமும் கேளுங்கள்.

நான் இப்போது யாரையும் ஏசுவதில்லை. பக்கத்தில் கேட்க ஆள் இருக்கிறார்.