க்னோஸ்திகி எவந்தியா

பொத்தானை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் எவந்தியா அதைக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பாள். "நிறம் சரிதான், கனம் போதாது. வேற எடுக்கறேன், இருங்க" என்பாள். கிரீஸில் வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அவளுடைய பொத்தான் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பொத்தானே தேவையில்லை. மருமகளோடு சண்டை, மகன் கேட்கும் மோட்டார் சைக்கிள், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்று எல்லாம் அவள் மேஜைக்கு வரும். கேட்டுக்கொண்டே நாடாவை அளப்பாள். கடைசியில், "ஒரு வாரம் பொறுங்க" என்பாள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஊர் அவளை 'க்னோஸ்திகி' என்கிறது. விவரமானவள், நிதானம் தவறாதவள் என்று பொருள். அம்மா இறந்த பதினொரு வயதில், தம்பிக்குத் தானே சூப் வைத்துக் கொடுத்த அன்று ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்தாறு வயதில் ஒரு கப்பல்காரன் பெண் கேட்டபோது, "நீ க்னோஸ்திகியாச்சே, அவன்கூடப் போவியா?" என்றார்கள். அவள் போகவில்லை.

இந்த ஆண்டு பாஸ்கா பண்டிகை முடிந்ததும் ஆக்கிலேயாஸ் வர ஆரம்பித்தார். பள்ளியில் சமயபாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒரே கோட்டுக்கு நாலு தடவை பொத்தான் வாங்கினார். ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"ஊர் உங்களுக்கு வெச்ச க்னோஸ்திகிங்கற பேரு அந்தக் காலத்துல யாருக்கு இருந்துது தெரியுமா? திருச்சபை தள்ளிவெச்ச ஒரு கூட்டத்துக்கு."

"ஐயோ! என்ன தப்புப் பண்ணாங்க?"

"கடவுளைப் பத்தி யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேணாம், உள்ளுக்குள்ளயே தெரியும்னாங்க."

நாடா அவள் கையில் நின்றது. "யாரையும் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"நல்ல நெஞ்சழுத்தம்தான்" என்று சிரித்தாள். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது.

மே மாதம் அவர் கல்யாணப் பேச்செடுத்தார். அவளுக்கு வாயில் வந்தது வழக்கமான பதில்தான்: "ஒரு வாரம் பொறுங்க."

சேதி கேட்டு, தம்பி ஸ்தேர்யோஸ் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அறுபத்திரண்டு வயசுல இது என்ன கூத்துக்கா? ஊரே சிரிக்கும். நீ க்னோஸ்திகியாச்சேக்கா!"

"அந்தப் பேருக்கு இன்னொரு அர்த்தமும் இருக்காம்டா."

"என்ன அர்த்தம்?"

"உனக்கு வேணாம் விடு. காப்பி ஆறுது, குடி."

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, வாசலில் ஆள் நிற்கும்போதே கடையைப் பூட்டினாள். கடற்கரைக் கடையில் ஆக்கிலேயாஸ் சிபுரோ சாராயம் குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தடுமாறி எழுந்தார். எதிரே இருந்த நாற்காலியை அவர் பக்கத்துக்கு இழுத்துப்போட்டு அமர்ந்த எவந்தியா, தெருவே பார்க்க, அவருடைய கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.