அலமாரிக்குள் இருந்த ஷவர் கைப்பிடி

மலேசியாவில், எங்கள் கிள்ளான் வீட்டுக் குளியலறையில் ஷவர் வால்வு டைல்ஸ் சுவருக்குள் புதைந்திருந்தது. வெளியே தெரிந்தது ஒரு கைப்பிடி மட்டும்தான். எவ்வளவு இறுக்கி மூடினாலும் அது சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. துண்டோடு வாசலுக்கு ஓடி மெயின் பைப்பை மூடினேன்.

பிளம்பர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

“வால்வு போச்சு அண்ணே. டைல்ஸ உடைச்சாத்தான் மாத்த முடியும் லா.”

கதவருகே நின்றிருந்த என் மனைவியின் முகம் மாறியது. அந்த டைல்ஸ் அவள் தேர்ந்தெடுத்தது. சுங்கை வேயில் ஒரு கடையில் மூன்று மணி நேரம் நின்று வாங்கினாள். நீல நிறம், நடுநடுவே துள்ளும் டால்பின்கள், மொத்தம் ஏழு. அந்தக் கடை இப்போது இல்லை. அந்த மாதிரி டைல்ஸை இப்போது யாரும் செய்வதுமில்லை.

“உடைக்கிற பேச்சே வேணாம்” என்றாள்.

பிளம்பர் திறந்த பெட்டியை அப்படியே மூடினார். “அப்ப நான் கிளம்புறேன் அக்கா.”

அடுத்து அவள் பந்திங்கில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். என் மச்சான் அங்கே லோரி வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். லோரி இஞ்சினையே இறக்கி ஏற்றுகிறவருக்கு ஒரு வால்வு எம்மாத்திரம் என்பது குடும்பத்தில் எல்லோருடைய நம்பிக்கை, முக்கியமாக அவருடையது.

மதியமே வந்துவிட்டார். சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டார்: “மாப்ளே, சுவத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? அந்தப் பக்கமா உடைச்சா டைல்ஸுக்கு என்ன ஆகப் போவுது?”

சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. அந்தப் பக்கம் எங்கள் படுக்கையறை. அந்தச் சுவரோடு ஒட்டி அலமாரி. சேலைகளையெல்லாம் அள்ளிக் கட்டிலில் குவித்தோம். அலமாரியின் முதுகுப் பலகையை மச்சான் கழற்றினார். பிறகு குளியலறைக்குப் போய், இடது மூலையிலிருந்து வால்வு வரை டேப்பால் அளந்து, அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். திரும்பி வந்து அலமாரிக்குள் நுழைந்து, அங்கேயும் இடது மூலையிலிருந்து அளந்து ஒரு வட்டம் போட்டார்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கண் எனக்கு இடது பக்கம் இருக்கும் என்பதுதான் என் பிழைப்பே. அப்படிப்பட்ட நான் அந்த வட்டத்தைப் பார்த்து, “சரியா இருக்கு மச்சான்” என்றேன்.

உளியும் சுத்தியலும் இறங்கின. மனைவி குளியலறையில் டைல்ஸ் மேல் கை வைத்துக் காவல் நின்றாள்.

“அண்ணே, சத்தம் வால்வு பக்கம் வரலையே. ஜன்னல் பக்கமா வருது.”

“செங்கல்லுல சத்தம் அப்படித்தான் ஓடும், நீ சும்மா இரு!”

இன்னும் நாலு அடி விழுந்ததும் உளி சட்டென்று உள்ளே போனது. அந்தப் பக்கம் ஏதோ விழுந்து நொறுங்கியது. மச்சான் மெதுவாக உளியை உருவினார். துளை வழியாக வெளிச்சம் வந்தது. நான் குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவியின் ஒரு கண் என்னைப் பார்த்தது.

“இடது பக்கம்னா எந்தப் பக்கத்து இடது?” என்று அந்தக் கண்ணுக்குக் கீழிருந்து குரல் வந்தது.

உளி ஒரு டால்பினின் வயிற்றில் நுழைந்திருந்தது.

இரண்டாவது துளையை வலது மூலையிலிருந்து அளந்து போட்டோம். வால்வு கிடைத்தது. லோரி ஸ்பேனரால் மச்சான் அதைக் கழற்றிய விதத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கி வந்த புது வால்வின் கழுத்து தடிமனாக இருந்தது. டைல்ஸில் இருந்த பழைய ஓட்டைக்குள் நுழையவில்லை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். ஆனால் மனைவி ஓட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“இன்னொரு டைல்ஸுல யாராச்சும் கை வச்சீங்க...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மச்சான் வால்வைக் கையில் புரட்டிப் பார்த்தார். “இப்படித் திருப்பி மாட்டுனா? எங்க திறந்தா என்ன மாப்ளே, தண்ணி வந்தாச் சரிதானே?”

மாட்டினார். அலமாரிக்குள் நின்று கைப்பிடியைத் திருப்பினார். “வருது! வருது!” என்று மனைவி குளியலறையிலிருந்து கத்தினாள். நாங்கள் மூவரும் கை தட்டினோம். மச்சான் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் பந்திங் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை நான் குளிக்கப் போய் ஷவருக்குக் கீழே நின்றேன். அப்போதுதான் விளங்கியது, குளிக்கிறவர் இங்கே இருந்தால் கைப்பிடி அங்கே இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் குளித்தால் மற்றவர் அலமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். டால்பின் வயிற்று ஓட்டைதான் எங்களுக்குப் பேச்சுக் குழாய். “திற” என்று அதில் சொன்னால் தண்ணீர் வரும், “போதும்” என்றால் நிற்கும். முதல் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது நாள் நான் தலை முதல் கால் வரை சோப்பு போட்டு முடித்து, “திற” என்றேன். தண்ணீர் வரவில்லை. குரல்தான் வந்தது.

“பாசார்ல மீன் வாங்கிட்டு வரச் சொன்னேனே, ஏன் வாங்கல?”

“மறந்துட்டேன் மா. திற.”

“போன வாரமும் மறந்தீங்க.”

“கண்ணெல்லாம் எரியுது மா! ரயிலுக்கு நேரமாச்சு!”

“இன்னிக்கு வாங்கிட்டு வருவீங்களா?”

வாங்கி வருவதாகச் சத்தியம் செய்த பிறகுதான் தண்ணீர் வந்தது, அதுவும் அரைகுறையாக. அன்று கடையில் கண் சோதிக்க வந்த ஒரு பெண், “அங்கிள், காதுல சோப்பு இருக்கு” என்றாள்.

பழி வாங்க நானும் ஒருமுறை முயன்றேன். அவள் தலைக்கு ஷாம்பு போட்டிருந்த நேரம் பார்த்து தண்ணீரை நிறுத்தி, “டிவி ரிமோட் இனிமே யார் கையில?” என்று கேட்டேன். ஓட்டையிலிருந்து நிதானமான பதில் வந்தது: “நாளைக்கு நீங்க குளிக்கணும்ல?” உடனே திறந்துவிட்டேன்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியிருக்கும். அம்பாங்கிலிருந்து மனைவியின் பெரியம்மா தங்க வந்தார். வந்ததும் குளிக்கிறேன் என்றார். கைப்பிடி எங்கே என்று சொல்ல மனைவிக்கு வெட்கம். “நீங்க போய் நில்லுங்க பெரியம்மா, தண்ணி தானா வரும்” என்று அனுப்பிவிட்டு அலமாரிக்குள் நுழைந்து திறந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் மனைவி பழக்க தோஷத்தில் ஓட்டையில் வாயை வைத்து, “போதுமா?” என்று கேட்டுவிட்டாள்.

பெரியம்மாவின் அலறல் தெரு முனைவரை கேட்டது. ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தார். “சுவத்துக்குள்ள ஆளு இருக்கு! போதுமான்னு கேக்குது!” சத்தம் கேட்டு மனைவி அவசரமாக அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு, தலையில் ஒரு காஞ்சிபுரம் தொங்க, வெளியே வந்தாள். அதைப் பார்த்து அவர் இரண்டாவது முறை அலறினார்.

மறுநாளே பழைய பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் அலமாரியைத் திறந்து கைப்பிடியைப் பார்த்தார். குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். மறுபடி அலமாரிக்கு வந்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“பாஸ், இது யாரு வேலை?”

“எங்க அண்ணன்” என்றாள் மனைவி, விட்டுக்கொடுக்காமல்.

பெட்டியிலிருந்து வட்டமாக ஒரு டிரில் எடுத்தார். பழைய ஓட்டையைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தார். ஒரு கீறல்கூட விழாமல் அது பெரிதானது. வால்வைத் திருப்பி மாட்டி, டால்பின் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை டைல்ஸை ஒட்டினார். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது.

“இவ்வளவுதானா? அன்னிக்கு உடைக்கணும்னு சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“உடைக்கிறதுன்னா இதுதான் லா அக்கா. நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். நேரே அலமாரியைத் திறந்தார். கைப்பிடியைக் காணவில்லை. குளியலறையில் போய் அதைக் கண்டுபிடித்து, இரண்டு முறை திறந்து மூடினார். முகம் வாடிப்போயிற்று.

“நல்லாத்தானே இருந்துச்சு மாப்ளே” என்றார். “எதுக்கு மாத்துனீங்க?”