அண்ணாவின் தராசில் கனத்துப் போன கோது

எங்கள் அண்ணாவுக்குக் கடைசி நாட்களில் மூளை குழம்பிவிட்டது என்று ஒரு கதை லூயிஷாம் சந்தையில் தொடங்கி, வெஸ்ட் ஈலிங் வரை போய், ஸ்ட்ரெதமில் இருக்கும் என்னிடமே திரும்பி வந்து சேர்ந்தது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாதுதான். அதற்காக வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் சுபாவமும் எனக்கில்லை. அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள், நடந்ததை அவருடைய தங்கச்சி சொல்லக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தார். படிப்பை முடிக்க விடாமல் நாட்டில் யுத்தம் வந்தது. தனியாளாக லண்டனுக்கு வந்து, பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்துகொண்டே எலக்ட்ரீஷியனுக்குப் படித்து முடித்தார். பிறகு என்னை இங்கே கூப்பிட்டார், அண்ணியைக் கைப்பிடித்தார், இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். யாருக்கு வீட்டில் கரண்ட் போனாலும் கருவிப்பெட்டியோடு போய் நிற்பார். கோபம் வராது. வந்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விடும். எங்கள் குடும்பத்துக் கோபம் முழுவதையும் கடவுள் என்னிடம் தந்துவிட்டார்.

அவரோடு வேலை செய்த பீற்றர் என்ற வெள்ளைக்காரர்தான் அவரை ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனவர். கேள்விப்பட்டதும் சொந்தபந்தம் எல்லாம் பதறியது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர், இஞ்சை வந்து துவக்கைத் தூக்கியிருக்கிறாரோ?" என்று நானும் சண்டைக்குப் போனேன்.

அண்ணா சிரித்தார். "பிள்ளை, ஆளைப் பார்த்து நீட்டாத துவக்கும் உலகத்திலை இருக்கு. அதையும் ஒருக்காப் பிடிச்சுப் பாப்பம் எண்டு போனனான். தூரத்திலை கடதாசி ஒண்டு நிக்கும். அதைத்தான் சுடுறது."

பொலிஸ் அனுமதிப்பத்திரம், சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி, அவரைத் தவிர எவருக்கும் இடம் தெரியாத சாவி என்று எல்லாம் சட்டப்படிதான் இருந்தது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, திரும்பவும் வெடிமருந்தும் சன்னம் என்ற ஈயக்குண்டும் வைத்துத் தோட்டா செய்வார். அதற்கு முன் மாடிச் சின்ன அறையில் இருந்து ஒவ்வொரு கோதையும் தராசில் நிறுப்பார். எனக்கு எல்லாக் கோதும் ஒன்றாகத்தான் தெரியும். வெளியளவு ஒன்றான இரண்டு செம்பில் சுவர் தடித்த செம்பு குறையத்தானே தண்ணீர் கொள்ளும், அப்படித்தான் இதுவும் என்று விளங்கப்படுத்துவார். கனத்த கோதுக்குள் இடம் குறைவு. மற்றதற்குப் போடும் மருந்தையே அதற்கும் போட்டால் உள்ளே அமுக்கம் கூடும். குறி தப்பும், அளவு மிஞ்சினால் சுடுகிறவருக்கே ஆபத்து. அதனால் நிறை ஒத்த கோதுகள் ஒரு தட்டில், கனத்தவை வேறு தட்டில். கோது நிற்க அந்தத் தட்டுகளில் குழி குழியாக இருக்கும்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. கடைசியாக ஒரு பெட்டி தோட்டா செய்து, "இனி என்னாலை துவக்குத் தூக்க ஏலாது, ஸ்கொட்லாந்துப் போட்டியிலை என்ரை பேருக்கு நீ சுடு" என்று பீற்றரிடம் கொடுத்தார். பிறகு, கடைசிக் காலத்து நோயாளிகளைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸுக்குப் போனார்.

அங்கே ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, கனத்த தட்டிலை ஒரு குழி வெறுமையாக் கிடந்தது. இப்பதான் ஞாபகம் வருது. அதிலை இருந்த கோது எங்கை போனது? நான்தான் மாறி எடுத்து மருந்து போட்டிட்டன் போல. பீற்றர் அதைச் சுடப் போறான்."

"அண்ணா, மருந்துக் குளிசை செய்யிற வேலை இது. பேசாமல் படுங்கோ."

"குளிசை இல்லையடி! அவனுக்கு போன் எடு!"

எடுத்தேன். பீற்றர் போட்டிக்குப் போய்விட்டார், போன் நிறுத்தியிருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தும் அதே கதைதான். இந்த நேரத்தில் பார்க்க வந்த சிலர், அண்ணா "கோது, கோது" என்று அரற்றுவதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஊர்க்கதை பிறந்தது அங்கேதான். அண்ணா அன்று சாப்பிடவில்லை, கண் மூடவில்லை. சிநேகிதனைக் கொன்றுவிடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம், தன் தலை தன் சொல் கேட்கவில்லையோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

மறுநாள் காலை பீற்றரே போன் எடுத்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாக, அந்தப் பெட்டியைத் தான் திறக்கவே இல்லை என்றார். ஒருவர் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் தன் துவக்கில் போடுவது அவர்கள் கழகத்தில் வழக்கமில்லையாம். நோயாளி ஆசையாக நீட்டியதை மறுக்க மனம் வராமல் வாங்கி வைத்தாராம். அட மகராசா! அந்த இடத்திலேயே, தாதிமார் பார்க்கப் பார்க்க, நான் குந்தியிருந்து அழுதேன். அண்ணாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரு பயம் போனது; தன் தலை குழம்பிவிட்டதோ என்ற மற்றப் பயம் போகவில்லை.

பீற்றர் ஊர் திரும்பியதும் தோட்டாக்களைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, வெறும் கோதுகளையும் தன் தராசையும் ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட்டுக்கொண்டு ஹொஸ்பிஸுக்கு வந்தார். 'எல்லாம் சரி' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. தராசைக் கட்டில் மேசையில் வைத்து, நீயே நிறுத்துப் பார் என்றார்.

அண்ணா ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் ஒத்துப் போயின. ஒன்று மட்டும் கனத்தது.

அண்ணாவின் முகம் செத்துப் போயிற்று. "நான் சொன்னனான். என்ரை கைதான் பிழை விட்டிருக்கு. தலையும் குழம்பிப் போட்டுது."

அப்போது அண்ணி எட்டி அந்தக் கோதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மற்றவற்றைவிட அது பளபளத்தது.

"இஞ்சாருங்கோ, இது நான் மினுக்கினதல்லோ! நீங்கள் இந்தப் பெட்டி செய்ய முன்னம் காய்ச்சலிலை படுத்திருக்கேக்கை அறையைக் கூட்டினனான். மேசைக்குக் கீழை ஒண்டு விழுந்து கறுத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்குப் புளி போடேக்கை அதையும் சேர்த்து மினுக்கிப்போட்டு, முன்னுக்கு இருந்த தட்டிலை ஒரு குழி வெறுமையா இருந்தது, அதுக்குள்ளை வைச்சனான். பிழையோ?"

முன்னுக்கு இருந்தது நிறை ஒத்த கோதுகளின் தட்டு. அண்ணா அண்ணியைப் பார்த்தார், கோதைப் பார்த்தார், திரும்ப அண்ணியைப் பார்த்தார்.

"நீரோ வைச்சனீர்! அட, நீரோ! அப்ப நான் இல்லை!" என்று சிரிக்கத் தொடங்கியவர், இருமல் வந்தும் நிறுத்தவில்லை. "என்ரை தலை நல்லாத்தான் கிடக்கு! பீற்றர், மை ஹெட் இஸ் ஓகே!"

அண்ணி அழுதுகொண்டு சிரித்தார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான். அன்று அண்ணா இடியப்பமும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டு, நல்ல நித்திரை கொண்டார். அதன்பின் இருந்த நாட்களில் நோயின் வருத்தம் கூடியதே தவிர, பயம் திரும்பி வரவில்லை. எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கதைத்து, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார்.

அவரைப் பிள்ளைபோலப் பார்த்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளை முன்னின்று நடத்திய ஐயாவுக்கும், தூர இடங்களிலிருந்து லீவு போட்டு வந்த உறவுகளுக்கும், பொய் சொல்லாத பீற்றருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். புளி போட்ட கதையை வெட்டிவிடவா என்று கேட்டேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வெட்டாதையும் மச்சாள். பிழை என்ரை எண்டே எழுதும். அவரின்ரை தலை கடைசிவரைக்கும் தெளிவா இருந்தது எண்டு எல்லாருக்கும் தெரியட்டும்."